பழைய வண்டியும் பிடிக்காத பிரேக்கும்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடை தொடங்கும் நேரம் இது. ரோட்டில் தண்ணீர் வடிந்தாலும் டிராக்டர் இழுத்துவந்த களிமண் காயவில்லை. அது காய்வதற்குள் நெல்லைக் கொட்டிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் பிரேக் பற்றித்தான். இந்த வண்டிகளில் இருப்பது டிரம் பிரேக். சக்கர மையத்தோடு சுற்றும் வட்டக் கிண்ணம் டிரம்; அதை மூடும், சுற்றாத தட்டு பிரேக் பிளேட்; அதில் உட்காரும் வளைந்த இரண்டு கட்டைகள் ஷூ; அவற்றின் மேல் ஒட்டிய உரசும் பட்டை லைனிங்; பிரேக் பிடிக்கும்போது திரும்பி ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துவது கேம். எல்லாக் கேள்விக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டெல்டா சமதளம். மலை இறக்கத்தில் டிரம் கொதித்து பிரேக் விட்டுப்போகும் பிரச்சினை இங்கே கிடையாது. நம் வண்டிகளின் பிரேக்கைக் கெடுப்பவை தண்ணீர், சேறு, இடம் தவறிய கிரீஸ், டிரம்மோடு பொருந்தாத லைனிங் ஆகிய நான்கும்தான். டிரம் சிறியது என்று குறைபடுவதற்கு முன்னால் இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (மன்னார்குடி): அப்பா காலத்து புல்லட் 350. முன்னால் 6 அங்குல டிரம், ஒரே கேம். போன மாதம் புது பிரேக் ஷூ மாற்றினேன். மாற்றியபிறகு முன்னைவிட மோசம். பிடியை ஹேண்டில்பாரோடு சேர்த்து அமுக்கினாலும் வண்டி நழுவிக்கொண்டே போகிறது. "ஷூவெல்லாம் புதுசு, இதுக்கு மேல இந்த வண்டி இப்படித்தான்" என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: ஷூ புதிது என்பதுதான் இங்கே காரணமாக இருக்கும். உங்கள் டிரம் பல வருடம் தேய்ந்து விட்டம் பெருத்திருக்கிறது. புது ஷூவின் வளைவோ 6 அங்குலத்துக்கு, அதாவது 152.4 மி.மீ.க்கு அமைந்தது. பெரிய வட்டத்துக்குள் சிறிய வளைவு உட்கார்ந்தால் நடுவில் மட்டும் தொடும், இரு முனைகளும் தொடாது. பழைய ஷூ டிரம்மோடு சேர்ந்தே தேய்ந்து அந்த வளைவுக்கு வந்திருந்தது. அதனால்தான் பழையது இதைவிட நன்றாகப் பிடித்தது.

எவ்வளவு தொடுகிறது என்று நீங்களே பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் உள்வட்டம் முழுக்க சாக்பீஸைப் பூசுங்கள். பிரேக் பிளேட்டை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்தபடி சக்கரத்தை ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். லைனிங்கில் சாக்பீஸ் ஒட்டிய இடம்தான் வேலை செய்யும் இடம். முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையாக இருந்தால் நல்ல பொருத்தம். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இருந்தால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சரிசெய்ய நல்ல வழி லேத்தில் கடைவது. சாதாரண அளவைவிடத் தடிமனான லைனிங்கை ஷூவில் கட்டச் சொல்லுங்கள். பிறகு ஷூக்களைப் பிரேக் பிளேட்டிலேயே ஸ்பிரிங்கோடு மாட்டி, கேமுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் முக்கால் மி.மீ. தகடு ஒன்றைச் செருகி, ஆக்ஸில் துளையை மையமாக வைத்து பிளேட்டோடு சேர்த்து லேத்தில் ஏற்ற வேண்டும். டிரம்மின் விட்டம் எவ்வளவோ அதே விட்டத்துக்கு லைனிங்கைக் கடைந்துவிட்டுத் தகட்டை எடுத்தால், ஷூ உள்வாங்கி, சக்கரம் உரசாமல் சுற்றத் தேவையான இடைவெளி தானாகக் கிடைக்கும். டர்னரிடம் டிரம்மையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். "6 அங்குலம்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் பழைய கதைதான்.

லேத் வசதி இல்லையென்றால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை நாடாவாக வெட்டி, டிரம்முக்குள் ஒட்டி, பிரேக்கை மிக லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உயர்ந்து நிற்கும் இடம் மட்டும் தேயும். நேரம் பிடிக்கும் வேலை. தாளின் தடிமன் அளவுக்கு வளைவு கொஞ்சம் சிறியதாகவே நிற்கும், மீதி ரோட்டில் ஓடித்தான் பொருந்தும். முடித்தபின் டிரம்மில் மணல் துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

இரண்டு முறையிலும், சக்கரம் சுற்றிவரும்போது முதலில் டிரம்மைத் தொடும் லைனிங் விளிம்பை 5 மி.மீ. அகலத்துக்கு அரத்தால் சரிவாக்கிவிடுங்கள். கூர்மையாக விட்டால் அந்த விளிம்பு டிரம்மைக் கடித்து, மெதுவாகப் போகும்போது வெடுக்கென்று நிறுத்தும், கீச்சென்று கத்தும்.

அடுத்தது மையப்படுத்துவது. இதை யாரும் செய்வதில்லை. செலவும் கிடையாது. பிரேக் பிளேட்டை ஆக்ஸிலோடு இறுக்கும் நட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக்கை இறுக்கிப் பிடியுங்கள். ஷூக்கள் டிரம்மில் அழுந்தும்போது பிளேட் நகர்ந்து தன் மையத்துக்கு வரும். பிடியைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டு, அந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு ஷூ உரசிக்கொண்டும் இன்னொன்று எட்டாமலும் நிற்கும்.

மூன்றாவது, கேபிள் இழுத்ததும் கேமைத் திருப்பும் கேம் லீவரின் கோணம். பிரேக்கை முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும் லீவரும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்க வேண்டும். 60 டிகிரியில் நின்றால் உங்கள் கைப்பலத்தில் 87 சதவீதம்தான் கேமுக்குப் போகும். 45 டிகிரி என்றால் 71 சதவீதம். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டே போனால் லீவர் 90-ஐத் தாண்டி மறுபக்கம் சாய்ந்து இதே இழப்பு வரும். லீவரைக் கழற்றி, கேம் தண்டிலுள்ள பற்களில் ஒரு பல் நகர்த்தி மாட்டினால் சரியாகும். ஆனால் லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பல்லை நகர்த்தாதீர்கள். அது பிரேக் தீர்ந்துவிட்டதை மறைக்கும் வேலை. அதற்குமேல் கேம் புரண்டு, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடவும் கூடும்.

கடைசியாகக் கேபிள். ஒருவர் பிடியை அமுக்க, மற்றவர் கேபிளின் மேலுறையைப் பார்க்கட்டும். உறை வளைந்து நெளிந்து சுருங்கினால், கையின் பலம் அங்கேயே செலவாகிறது. மலிவான கேபிளில் இது சகஜம். தடிமனான உறையும், பிரி விடாத உள்கம்பியும் உள்ள கேபிளாக வாங்கி, ஹெட்லைட் பக்கம் கூர்மையாக மடியாமல் பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள். பிடியின் நுனியில் 20 மி.மீ. அளவு ஓட்டம் இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்தபின் முதல் 150 கிலோமீட்டர் பிரேக்கைப் பழக்க வேண்டும். 40-இலிருந்து 10 வரை வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் காற்றில் ஆறவிட்டு மறுபடி. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முறை போதும். பிறகு ஒருமுறை அட்ஜஸ்ட் செய்யுங்கள். 6 அங்குல டிரம் டிஸ்க் ஆகிவிடாது. ஆனால் இப்போது இருப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி (கும்பகோணம்): என்னுடையது 7 அங்குல டிரம், இரண்டு கேம் உள்ள புல்லட். நேராகப் போகும்போது பிரேக் பரவாயில்லை. அரசலாற்றுக் கரையில் ஏறும்போது நடுவில் நிறுத்தினால், முன் பிரேக்கை எவ்வளவு பிடித்தாலும் வண்டி பின்னால் உருள்கிறது. பயமாக இருக்கிறது. எங்கே கோளாறு?

பதில்: பின்னால் உருள்வது கோளாறு அல்ல, அந்த அமைப்பின் குணம். டிரம் சுற்றும் திசையில் தள்ளப்படும் ஷூவை, டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். எதிர்த்திசையில் நிற்கும் ஷூவை டிரம் உதறித் தள்ளும். ஒரே கேம் உள்ள பிரேக்கில் இந்த இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஷூ இருக்கும். உங்கள் பிரேக்கில் இரண்டு ஷூவும் முதல் வகை. முன்னோக்கிப் போகும்போது நன்றாகப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். வண்டி பின்னால் உருளத் தொடங்கியதும் இரண்டுமே உதறப்படும் ஷூவாக மாறிவிடுகின்றன. கரை ஏற்றத்தில் நிற்கும்போது பின் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். வலப்பக்கம் கியர் உள்ள புல்லட்டில் அது இடது கால். வலது காலை ஊன்றி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதியிருப்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. இரட்டைக் கேம் பிரேக் பரவாயில்லை என்ற அளவில் நிற்கக் கூடாது, நன்றாகவே பிடிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கேமையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் நீளம் தவறாக இருக்கும். ஒரு ஷூ முதலில் தொட்டுவிட்டால், மற்றது தொடுவதற்குள் உங்கள் பிடி தீர்ந்துவிடும். அப்போது இரட்டைக் கேமும் ஒற்றைக் கேம்தான்.

கம்பியின் ஒரு முனைப் பின்னை எடுத்துவிடுங்கள். இரண்டு லீவரையும் தனித்தனியே கையால் நகர்த்தி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டும் தொட்ட நிலையில், கம்பியின் நீளத்தை அட்ஜஸ்ட் செய்து, எடுத்த அந்தப் பின், தட்டாமல் தள்ளாமல் தானாக உள்ளே வழுக்கி நுழையும்படி வையுங்கள். செக் நட்டை இறுக்கி, ஸ்பிளிட் பின் போடுங்கள். கம்பியின் இரு முனைத் துளைகளும் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் இந்த அட்ஜஸ்ட்மென்ட் ஒரு வாரம்கூட நிற்காது. அப்போது பின்னையும் கம்பியையும் மாற்றுங்கள். புது லைனிங் கட்டிய ஒவ்வொரு முறையும், பழகி முடிந்தபிறகு ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி (வேதாரண்யம்): ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். உப்பளப் பக்கம் தினமும் போய்வருகிறேன். காலையில் வண்டியை நகர்த்தினால் முன் சக்கரம் ஒட்டிக்கொண்டு, "டக்" என்று விடுபடுகிறது. மழையில் தண்ணீரைக் கடந்தால் அரை கிலோமீட்டருக்கு பிரேக்கே இல்லை. காற்றோட்டம் வருவதற்கு பிரேக் பிளேட்டில் ஓட்டை போடலாம் என்கிறார்களே?

பதில்: ஓட்டை போடாதீர்கள். அது பந்தய வண்டிக்கும் மலைப்பாதைக்கும் உரிய யோசனை. உங்கள் வழியில் அந்த ஓட்டை உப்புத் தண்ணீருக்கும் மணலுக்கும்தான் வாசல்.

ஆர்எக்ஸ் 100-இன் சக்கர மையம் அலுமினியம். அதற்குள் ஷூ உரசும் வளையம் மட்டும் இரும்பு. உப்பீரம் பட்டு இரவு முழுக்க நின்றால் அந்த வளையத்தில் மெல்லிய துரு படிந்து, லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் கேட்கும் "டக்" அதுதான். முதல் இரண்டு மூன்று பிரேக் வெடுக்கென்று பிடிப்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் மணல் கிடக்கும் இடத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள். வீட்டுக்குத் திரும்பும் கடைசி 200 மீட்டரில் முன் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டி வாருங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். தண்ணீரைக் கடந்த உடனேயும் இதையேதான் செய்ய வேண்டும்: வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டபடி, ஆக்ஸிலேட்டரை விடாமல் 100–200 மீட்டர். பிடிப்பு திரும்பியதைக் கையில் உணர்ந்தபிறகு வேகம் எடுங்கள்.

மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு மாட்டுங்கள். கேம் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அப்போதுதான். பிடியை விட்டதும் கேம் லீவர் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் தண்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளில் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்துப் பூசுங்கள். பூசியது கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவு மெல்லியதாக. பம்ப் போட்டு அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் வாட்டர் சர்வீஸில் சக்கர மையத்தை நோக்கி அடிக்க விடாதீர்கள்.

டிரம்மின் விட்டம் 130 மி.மீ. தேய்ந்து 131 மி.மீ. ஆகிவிட்டால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. சக்கரம் ஆக்ஸில் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் மூழ்கியிருந்தால் பேரிங் கிரீஸையும் பார்த்துவிடுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுவதும் துடைத்தெடுத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

கேள்வி (திருவையாறு): பழைய புல்லட்டின் பின் பிரேக் லைனிங்கில் எண்ணெய் ஏறிவிட்டது. பெட்ரோலில் கழுவி, அடுப்பில் காட்டி மாட்டினேன். இரண்டு நாள் பிடித்தது, மறுபடி வழுக்குகிறது. செயின் டைட் வைத்த பிறகு சில சமயம் சக்கரமே இறுகியும் போகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறு. எண்ணெய் குடித்த லைனிங் பஞ்சு மாதிரி. மேலே கழுவினால் மேல்பகுதி சுத்தமாகும், சூடானதும் உள்ளே இருப்பது கசிந்து வெளியே வரும். அந்த ஷூவை மீட்க வழியில்லை. புது லைனிங் கட்டுங்கள். பெட்ரோலில் ஊறவைத்து அடுப்பில் காட்டுவது தீ விபத்துக்கு வழி, அதை இனி செய்யவே செய்யாதீர்கள். லைனிங் எண்ணெய் குடிக்காமல் வெறுமே கண்ணாடி போலப் பளபளத்திருந்தால் மட்டும், 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மீட்கலாம்.

புது லைனிங் கட்டுவதற்கு முன் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். கறுப்பாக, திரவமாக இருந்தால் செயினுக்கு ஊற்றிய எண்ணெய். இந்த வண்டியில் செயின் பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு, அதனால் செயினிலிருந்து தெறிப்பது டிரம்முக்கு எட்டுவது சுலபம். பழைய இஞ்சின் ஆயிலைக் கேனோடு கவிழ்ப்பதை விட்டு, செயின் உருளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். பழுப்பாக, கெட்டியாக இருந்தால் அது பேரிங் கிரீஸ். சீல் போயிருக்கும், அல்லது பேரிங்கில் இடமே இல்லாமல் கிரீஸை அடைத்திருப்பார்கள். பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. அதற்குமேல் வைத்தால் சூட்டில் வழிந்து டிரம்முக்குத்தான் வரும்.

சக்கரம் இறுகுவதற்குக் காரணம் எளிது. செயினை இறுக்க நத்தை வடிவ அட்ஜஸ்டரைத் திருப்பும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது. பிரேக் கம்பியின் நீளமோ மாறவில்லை. ஆக, மிதிக்காமலே பிரேக் மிதித்த மாதிரி ஆகிவிடுகிறது. செயினைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பிரேக் கம்பி முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஓட்டம் வையுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்மை வெளியே தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இன்னும் உரசுகிறது என்று அர்த்தம்.

கேள்வி (திருவாரூர்): டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் கம்ப்ரஸர் வைத்து ஊதிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஊதுவதோ, வாளி விளிம்பில் தட்டுவதோ, உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டுவதோ வேண்டாம். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். லைனிங்கை உப்புத்தாளில் தேய்க்கும்போதும் ஈரமாகவே தேய்த்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் வேலை கற்கும் பையன்களைக் கொண்டு ஊதச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள். புது லைனிங் வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): 1972-இல் பதிவான புல்லட்டுக்கு முன்னால் டிஸ்க் பிரேக் மாட்ட நினைக்கிறேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் பழைய போர்க்கிலேயே பட்டை வெல்டு வைத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: போர்க்கில் வெல்டு வைப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நிற்க மறுக்கும் விசை முழுவதையும் காலிப்பரைத் தாங்கும் அந்தப் பட்டைதான் ஏற்கிறது. அந்தப் போர்க் காலை வார்த்தவர்கள் அப்படியொரு சுமையை நினைத்து வார்க்கவில்லை. வெல்டு சூட்டில் பக்கத்து உலோகம் பலமிழந்து, ஒருநாள் அவசர பிரேக்கில் பட்டை பிய்ந்து ஸ்போக்ஸுக்குள் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

டிஸ்க் வேண்டுமென்றே முடிவெடுத்தால், கம்பெனியே டிஸ்க்கோடு விற்ற பிற்கால புல்லட் வகையின் முன்பகுதி முழுவதையும் செட்டாக எடுக்க வேண்டும்: இரண்டு போர்க் கால், அவற்றைப் பிடிக்கும் மேல்-கீழ் பிராக்கெட், சக்கரம், டிஸ்க், காலிப்பர், கைப்பிடியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ். ஒரு வண்டியின் காலிப்பரும் இன்னொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும் கலந்தால் பிடி கல் மாதிரி இறுகும், அல்லது பஞ்சு மாதிரி அமுங்கும். காரணம் பிஸ்டன்களின் பரப்பு விகிதம். 12.7 மி.மீ. மாஸ்டர் பிஸ்டனோடு 30 மி.மீ. காலிப்பர் பிஸ்டன் ஒன்று சேர்ந்தால் விசை ஐந்தரை மடங்கு பெருகும். அதே காலிப்பருக்கு 16 மி.மீ. மாஸ்டர் வைத்தால் மூன்றரை மடங்குதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரேக் ஆயில் டாட் 4 என்றால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். டேங்க் பெயின்டில் சொட்டினால் உரித்துவிடும்.

இனி சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். உங்கள் வண்டி 50 வயதைக் கடந்துவிட்டது என்பதும் முக்கியம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, சேசிஸ், இஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வாகனமாகப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான். அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முன்பகுதியை மாற்றாதீர்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால், மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன வேலைகளை முதலில் செய்யுங்கள். அதன்பிறகும் போதவில்லை என்றால், 6 அங்குலத்தை எடுத்துவிட்டு 7 அங்குல இரட்டைக் கேம் டிரம் சக்கரத்தை மாட்டுவது டிஸ்க்கைவிட இந்த வண்டியின் குணத்துக்குப் பொருந்தும். அதற்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் பிளேட்டைத் திரும்பவிடாமல் பிடிக்கும் முட்டு, போர்க் காலின் மேட்டில் சரியாக உட்கார்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். அது உட்காராமல் பிரேக் பிடித்தால் பிளேட்டே சுழன்று கேபிளை அறுத்துவிடும்.

கேள்வி (மயிலாடுதுறை): ஜாவா வண்டி. பிரேக் பிடித்தால் பிடியில் "திக் திக்" என்று துடிப்பு. லைனிங் மாற்றியும் போகவில்லை.

பதில்: டிரம் வட்டமாக இல்லை. ஸ்போக்ஸ் ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருந்தால் சக்கர மையம் இழுபட்டு முட்டை வடிவுக்கு வரும். டிரம்மின் உள்விட்டத்தை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் 0.15 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கையில் தெரியும்.

வரிசை முக்கியம். முதலில் பேரிங். அதில் ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். அடுத்து ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் சமமாக இறுக்கி, சக்கரக் கோட்டம் எடுத்து, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் டிரம்மைக் கடைய வேண்டும், அதுவும் ரிம்மும் ஸ்போக்ஸும் கட்டிய நிலையிலேயே. வெறும் மையத்தை மட்டும் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக்ஸ் கட்டினால் அது திரும்பவும் முட்டை வடிவாகிவிடும். ரிம்மோடு சுழல இடம் உள்ள பெரிய லேத் தேவை. ரைஸ் மில், பம்ப்செட் வேலை பார்க்கும் பட்டறைகளில் விசாரியுங்கள். வட்டம் வரும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும், பளபளப்பு வரும்வரை எடுக்க வேண்டாம். ஜாவா வண்டிகளைத் தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-இல் மூடிவிட்டது. அசல் டிரம் கிடைப்பது அரிது, ஒவ்வொரு கால் மி.மீ.யும் காப்பாற்ற வேண்டியது. கடைந்தபின் ஷூவுக்கு அந்த விட்டத்துக்கு ஏற்றபடி தடிமனான லைனிங் கட்டுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு): "முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்" என்று தாத்தா சொல்லி, இத்தனை வருடம் பின் பிரேக்கிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது என் மகனும் புல்லட் ஓட்டுகிறான். அவன் இக்கால வண்டியில் பழகியவன்.

பதில்: பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு வருகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். 40 கி.மீ. வேகத்தில், பின் பிரேக் மட்டும் பிடித்து நொடிக்கு நொடி வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், வண்டி நிற்க 20 மீட்டருக்கு மேல் ஆகும். இரண்டையும் சேர்த்து அதை 5 மீட்டராக்கினால் 12 மீட்டரில் நின்றுவிடும். ஆடு குறுக்கே வந்தால் அந்த 8 மீட்டர்தான் எல்லாம்.

தாத்தா சொன்னதிலும் காரணம் இருக்கிறது. நெல் காயும் ரோட்டிலும், சேற்றுக் கலப்பைச் சக்கரம் விட்டுச்சென்ற களிமண்ணிலும் முன் சக்கரம் பூட்டினால் தூக்கிப்போடும். அங்கே நெல்லுக்கு முன்பாகவே, காய்ந்த தார் இருக்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, நெல்மேல் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல் கடந்துவிட வேண்டும். காய்ந்த ரோட்டில் முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், முதலில் தொட்டு, எடை முன்னே வந்தபின் அழுத்தம் கூட்டுவதே முறை. டயர் பழையதாகி இறுகியிருந்தால் எந்த பிரேக்கும் பயன்படாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம்.

மகன் விஷயம் அவசரம். வலப்பக்கம் கியர் உள்ள புல்லட்டில், அவசரத்தில் அவன் வலது காலால் மிதிப்பது பிரேக்கை அல்ல, கியரை. ரோட்டுக்கு விடுவதற்கு முன் அறுவடை முடிந்த களத்திலோ, காலியான மைதானத்திலோ 20 கி.மீ. வேகத்தில் நீங்கள் கை தட்டும்போது நிறுத்தும்படி ஐம்பது முறை பழக்குங்கள். இடது கால் யோசிக்காமல் இறங்கும்வரை கடைவீதிப் பக்கம் அனுப்ப வேண்டாம். பெடல் உயரமும் அவன் காலுக்கு ஏற்ப இருக்கட்டும். பாதத்தைத் தூக்காமலே மிதிக்க வர வேண்டும்.